செண்பகனூர் வளைவில் ஒரு ஃப்ளெக்ஸ்

வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து தூங்கிக்கொண்டே வந்தேன். செண்பகனூர் நெருங்கும்போது பக்கத்து சீட்டுப் பெண்மணி என் தோளைத் தட்டி, "ஏம்மா, அந்தா தொங்குறது நீயா?" என்று கேட்டார். சாலை வளைகிற இடத்தில், இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, கயிறு கட்டி என்னைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஃப்ளெக்ஸில் நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். கையில் பிப்பெட். அச்சடித்த கடைக்காரர் என் நிறத்தைத் தாராளமாக ஏற்றிவிட்டிருந்தார். உதட்டில் நான் வாழ்நாளில் பூசியிராத சிவப்பு. பின்னால் முறுக்கிய ஏணி மாதிரி டி.என்.ஏ., அதற்கும் பின்னால் கொடைக்கானலில் எவரும் பார்த்திராத பனிமலை. தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில், 'புற்றுநோய்க்கு மருந்து கண்ட எங்கள் மலையின் தங்க மகளே, வருக வருக!' கீழே வரிசையாக அப்பாவின் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள், எல்லாரும் கூலிங் கிளாஸில். அப்பாவின் படம் மட்டும் நடுவில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"நானில்லைங்க. என்னை மாதிரி இருக்கு" என்றேன். கழுத்தில் கிடந்த ஷாலை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். குளிருக்காகப் போர்த்துகிறேன் என்று அவர் நினைப்பார் என எதிர்பார்த்தேன். நினைக்கவில்லை. ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் நான் இறங்கும்வரை என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. அது மட்டும் என்றால் சிரித்துச் சமாளித்திருப்பேன், எங்கள் ஊரில் காதுகுத்துக்கு வைக்கும் பேனரிலேயே சரித்திர நாயகன் என்றுதான் போடுவார்கள். ஆனால் நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த சின்ன விஷயமும் தப்பு என்று அந்த வாரம்தான் தெரியவந்திருந்தது. அதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அதை ஒளித்துக்கொண்டு ஊருக்கு வந்தவளை அந்த வளைவில் வைத்து வரவேற்றார்கள்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதை வீட்டில் ஒழுங்காகச் சொல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது. நம் செல்லுக்குள் டி.என்.ஏ. இரண்டு இழையாக முறுக்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்கிற நகல் எழுதப்படும்போது, சில சமயம் அந்த நகல் விலகிப் போகாமல் மூலத்தோடேயே ஒட்டிக்கொண்டுவிடும். ஓர் இழை டி.என்.ஏ., ஓர் இழை ஆர்.என்.ஏ. என்று ஒரு கலப்பு ஜோடி. இது மிஞ்சினால் செல்லுக்கு ஆகாது. சில புற்றுநோய்ச் செல்களில் இது கூடுதலாகக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். இந்தக் கலப்பு ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடி என்கிற புரதம் ஒன்று இருக்கிறது. முழு ஆன்டிபாடிக்குப் பிடிக்க இரண்டு கை. அதில் ஒரு கையை மட்டும் தனித் துண்டாகத் தயாரித்து, அந்த ஒற்றைக் கையின் பிடி எவ்வளவு உறுதி என்று அளப்பதுதான் பெங்களூரில் எனக்குக் கொடுத்த ஆராய்ச்சி.

அளப்பதற்கு ஓர் இயந்திரம் உண்டு. ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடி நுனியில் கலப்பு ஜோடியை ஒட்டவைத்து, நம் துண்டு இருக்கும் கரைசலில் நுனியை முக்க வேண்டும். துண்டுகள் வந்து பிடிக்கப் பிடிக்கத் திரையில் கோடு ஏறும். பிறகு நுனியை வெறும் உப்புக் கரைசலுக்கு மாற்றினால், பிடித்தவை ஒவ்வொன்றாக விட, கோடு இறங்கும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில் பிடியின் கணக்கு இருக்கிறது. என்னுடைய கோடு ஏறியது. அப்புறம் இறங்கவே இல்லை. மேசைமேல் தண்ணீர் நிற்கிற மாதிரி மட்டமாக நின்றது; பிடித்த கை விடவே இல்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கோட்டை ஒரு கருத்தரங்கில் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டினேன். பரிசு கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கிய சூட்டோடு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் பில்லர் ராக்ஸில் டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே, "அதுல என்ன தாயி பிரயோசனம்?" என்று கேட்டார். கேள்வியில் குறையே இல்லை. நான்தான் சும்மா இருக்காமல், "கேன்சர் செல்லைக் கண்டுபிடிக்க உதவும்ப்பா. நாளைக்கு இதுலருந்து மருந்தேகூட வரலாம்" என்றேன். சொல்லும்போதே வார்த்தை என் கையை மீறிப் பெரிதாகிக்கொண்டு போவது தெரிந்தது. பரிசு வாங்கிய நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

கோடு எப்படிக் கவிழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். துண்டுகளை உறைய வைத்துத் திரும்பக் கரைத்தால், அவை இரண்டிரண்டாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதனால் அளப்பதற்கு முன்னால் ஒருமுறை சல்லடைக் குழாயில் ஓடவிட்டு, ஜோடி சேர்ந்தவற்றைக் கழித்துவிட்டு, ஒற்றையாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இயந்திரம் எனக்கு என்று ஒதுக்கிய நேரம் நெருங்கிவிட்டது. உறைய வைப்பதற்கு முன்னால் சுத்தம் செய்ததுதானே என்று குழாயில் விடாமல் நேராகப் போய் அளந்துவிட்டேன். கோத்துக்கொண்ட ஜோடி இரண்டு கையால் பிடித்திருக்கிறது. ஒரு கை நழுவினால் இன்னொரு கை விடவில்லை. அதை நான் ஒற்றைக் கையின் பலம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டுரை எழுதுவதற்காகத் திரும்ப அளந்தபோது, இந்தமுறை குழாயில் விட்டேன். முதலில் ஜோடிகள் வந்தன, பின்னால் ஒற்றைகள். ஒற்றைகளை மட்டும் எடுத்து அளந்தேன். கோடு ஏறியது, கரைசல் மாற்றியதும் படிக்கட்டில் உருளும் செம்பு மாதிரி விழுந்தது. நான்கைந்து தடவை செய்து பார்த்தும் அதேதான். என் கைடு அம்மையார் திட்டவில்லை. "நல்லவேளை, அச்சுக்குப் போகல. பரிசு குடுத்தவங்களுக்கு நான் எழுதிடறேன். நீ இனி சரியா அள" என்றார். லேபில் பட்ட வெட்கம் அவ்வளவுதான்; ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை, மறுநாள் இறங்கியது. அங்கே எல்லாருக்கும் இப்படி ஒன்றாவது நடந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அப்பா டிக்கெட் போட்டுவிட்டதால் கிளம்பி வந்தேன். வீட்டில் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், செண்பகனூர் வரைக்கும்.

எங்கள் ஸ்டாண்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி எல்லாம் அதற்குப் பின்னால்தான். கார்களையெல்லாம் கழுவி, பானெட்டில் சந்தனம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்துவார்கள். ஒரு காரில் பிள்ளையார், அடுத்ததில் மாதா, அதற்கடுத்த பாயின் காரில் மெக்கா படம். எல்லாவற்றுக்கும் ஒரே பூசணிக்காய்ச் சுற்றுதான். அன்றைக்குப் பனி இறங்கிக் கிடந்தது. கொட்டுக்காரர்கள் விரைத்த விரலை ஊதி ஊதி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

போன உடனே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஸ்வெட்டர்கூடப் போடாமல் நின்றிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம பொண்ணு" என்று காட்டினார். அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் என் வாய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் என்கிற இந்த வார்த்தையைப் போல என்னைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை.

மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவர் சங்கத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். "நம்ம பாப்பா கண்டுபிடிச்ச மருந்து உலகம் பூராப் போகப் போகுது. அன்னைக்கு உலகத்துல இருக்கவன் பூராம் கொடைக்கானலத் தேடி வருவான், நமக்கும் சவாரி கெடைக்கும்" என்றார். கைதட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார். மைக்கை என்னிடம் நீட்டினார். பெங்களூரில் வாய்கிழிய இங்கிலீஷில் பேசுகிறவள், "நன்றிங்க. எல்லாருக்கும் வாழ்த்துங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அடக்கமான பிள்ளை என்று பின்னால் யாரோ மெச்சினார்கள். காது எரிந்தது.

பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா வந்தார். உறவுக்காரர் இல்லை, அப்பாவோடு சேர்ந்து முதன்முதலாக ஜீப் ஓட்டியவர், அதனால் எனக்குச் சித்தப்பா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். அவர் மனைவியை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். சித்திக்கு மார்பில் கட்டி வந்து மதுரையில் ஆபரேஷன் செய்ததும், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி ஏற்றிக்கொள்ளப் போய்வருவதும் எனக்குத் தெரியும். "சித்தி எப்படி இருக்காங்க?" என்றேன்.

"ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு கெடக்கா பாப்பா" என்றார். கூட்டத்துக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்கிட்ட கேக்குறதுக்கே கூச்சமா இருக்கு. அந்த மருந்து, வெளியில விக்கிறதுக்கு முந்தியே கொஞ்சம் கெடைக்குமா? ஒரு மாசத்துக்கு முந்தி பேனர் ஏறுனதும், ஊசிக்குப் போன தடவ அவ வரல. இந்தத் தடவயும் போகல. பாப்பா மருந்து வந்துருச்சே, இனி எதுக்கு அந்தக் கண்றாவின்னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டேன்."

 அதுவரை நான் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. முகம் சிவக்கிறதே, காது எரிகிறதே, அதெல்லாம் நம்மைப் பற்றி நாமே கவலைப்படுகிற சோலி. இது வேறு. மரத்தில் தொங்கிய அந்தச் சிவப்பு உதட்டுக்காரியைப் பார்த்துவிட்டு ஒருத்தி மதுரைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "சித்தப்பா, நான் இப்ப சித்தியப் பாக்க வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அப்பாவைக் காருக்குப் பின்னால் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை, அளவு தப்பு, சித்தி ஊசிக்குப் போகவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன்.

"தப்புன்னா? பரிசு குடுத்தாங்களே?"

"அவங்களுக்கும் சொல்லியாச்சுப்பா."

"அவங்களுக்குச் சொல்லிட்ட. எனக்குச் சொல்லல." குரல் ஏறியது. "இப்ப வந்து சொல்ற. பொன்னாடையப் போத்திக்கிட்டு வந்து சொல்ற! நான் என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்கும் கோபம் வந்தது. "நான் மருந்துன்னு எழுதச் சொன்னேனா? ஆராய்ச்சி பண்றான்னு போட்டா ஆகாதா?" என்று கத்தினேன். அப்பாவின் குரல் இறங்கியது. பிறகு வாழைக்கன்றின் இலையைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "பயலுக அப்படித்தான் எழுதிக் கொண்டாந்தாங்க. ஆராய்ச்சி மாணவின்னு. நான்தான் அது எவனுக்குப் புரியும், மருந்துன்னு போடுங்கலேன்னு சொன்னேன். நீ போன்ல மருந்துன்னு சொன்னேல்ல தாயி?"

சொன்னேன். வரலாம் என்று சொன்னேன். அந்த 'லாம்' மரத்தில் ஏறும்போது உதிர்ந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேரும் காருக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றோம். கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சித்தி வீடு அட்டுவம்பட்டிக்குக் கீழே, கேரட் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. வாசலில் சாக்கை விரித்து மலைப்பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். குரங்குக் குல்லா போட்டிருந்தார். குல்லாவுக்குள் முடி இல்லை என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் பூண்டுத் தோலை உதறிவிட்டு எழுந்து, என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "போட்டோவுல செவப்பா இருந்த. நேர்ல நம்ம கலர்லதான் இருக்க. இதான் அழகு" என்றார். சித்தப்பா உள்ளே டீ போடப் போனார்.

சாக்கில் உட்கார்ந்து சொன்னேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பஸ்ஸில் தொடங்கினேன். "சித்தி, மலை ரோட்டு வளைவுல பஸ்ல நின்னுக்கிட்டு வர்றீங்க. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சா விழ மாட்டீங்க. ஒரு கையால பிடிச்சா அந்தக் கைக்கு எம்புட்டுப் பலம்? அத அளக்குறதுதான் என் வேல. ரெண்டு ரெண்டா கை கோத்துக்கிட்டு நின்னது எனக்குத் தெரியல. ஒரு கைக்கே இம்புட்டுப் பலம்னு சொல்லிப்புட்டேன்."

"அப்ப ஒரு கை பிடிக்காதா?"

"பிடிக்கும். வெரசா விட்ரும்."

சித்தி ஒரு பூண்டைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "சரி, ரெண்டு கையா வச்சே மருந்து செஞ்சா என்ன?"

"அது மருந்தே இல்ல சித்தி. அளவு மட்டுந்தான். யாராச்சும் அத வச்சு என்னைக்காச்சும் ஏதாச்சும் செய்யலாம். செய்யாமலும் போகலாம். பேனர்ல போட்டது பொய். நான் அப்பாகிட்ட ஜம்பமா பேசினது. நீங்க நாளைக்கு மதுரைக்குப் போகணும்."

டீ எடுத்துக்கொண்டு வந்த சித்தப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.  நல்ல பூண்டு ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று சித்தியின் கை வேலை செய்தது. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. கடைசியில், "அந்த ஆஸ்பத்திரி வாடை இருக்கே, நெனச்சாலே கொமட்டும் பாப்பா" என்றார். "பேனரப் பாத்ததும் உசுரு வந்துருச்சு. முழுசா நம்புனேன்னு சொல்ல மாட்டேன். போகாம இருக்க ஒரு சாக்கு கெடச்சுச்சுன்னு இருந்தேன். நீ அழுகாத."

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொன்னாடையால் மூக்கைத் துடைத்தேன். அதன் சரிகை நாசியைக் கீறியது.

மறுநாள் வெள்ளனே அப்பா காரை எடுத்து வந்தார். வாழைக்கன்றை அவிழ்த்திருந்தார், சந்தனம் மட்டும் இருந்தது. முந்தின நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்சீட்டுக் கதவைத் திறந்தபோது சீட்டின்மேல் ஏதோ விரித்திருந்தது. ஃப்ளெக்ஸ். விடிவதற்கு முன்னால் செண்பகனூருக்குப் போய் அவரே மரத்தில் ஏறி அவிழ்த்திருக்கிறார். பனியில் நனைந்த கயிறு இன்னும் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தும் படமும் அடியில் போகும்படி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்திருந்தார்.

"எறக்கத்துல அவளுக்கு வாந்தி வரும். தொடச்சு எடுக்க வசதி" என்றார் சித்தப்பாவிடம். "நேத்து ஸ்டாண்டுல சொல்லிட்டேன்லே. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

சித்தப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சித்தி என் முகத்தின் மேல் உட்கார, நான் பக்கத்தில் அப்பாவின் படத்தின் மேலோ சங்கத் தலைவரின் படத்தின் மேலோ உட்கார்ந்தேன். வெறும் மரங்களைத் தாண்டும்போது நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தோம். டம்டம் பாறைக்கு வருவதற்குள் சித்திக்கு வாந்தி வந்துவிட்டது. நான் குல்லாவைக் கழற்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கைக்குள் அந்தத் தலை எவ்வளவு சின்னதாக இருந்தது!

மதுரையில் டாக்டர் சித்தியை நன்றாகத் திட்டினார். "வெளாட்டா இருக்கா? ரெண்டு தடவை விட்டிருக்கீங்க. ஏன் வரல?" சித்தப்பா தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார். "ஊர்ல விசேசம் டாக்டர். சொந்தத்துல ஒரு புள்ளைக்கு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? என்ன பண்றீங்க?"

என்ன செய்கிறேன் என்று சொன்னேன். ஆன்டிபாடித் துண்டு, கலப்பு ஜோடி, பிடியின் அளவு. அவர் முகம் சட்டென்று மாறியது. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சித்தியைத் தாண்டி, சித்திக்குப் புரியாத இங்கிலீஷில், இந்த மாதிரி அடிப்படை வேலை செய்ய நம் பக்கத்தில் ஆளே இல்லை என்று பாராட்டினார். "இவங்களுக்கு மத்த மருந்தோட ஒரு ஆன்டிபாடியும் சேத்துத்தான் ஏத்துறோம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். இதற்கு நேற்று வாங்கிய பொன்னாடையே பரவாயில்லை என்று தோன்றியது. "டாக்டர், அந்த விசேஷம் எனக்குத்தான். அவங்க வராம இருந்ததுக்குக் காரணம் நான்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஊசி ஏற்றுகிற அறையில் சித்தியின் பக்கத்தில் உட்கார என்னை விட்டார்கள். நர்ஸ் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார். மருந்துப் பை தலைக்கு மேல் கம்பியில் தொங்கியது. தண்ணீர் மாதிரிதான் இருந்தது, ஒரு நிறமும் இல்லை. சித்தி அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"டாக்டர் ஒங்கிட்ட சொன்னாரே, ஆன்டி என்னமோன்னு ஒரு பேரு. ஒன்னோட சாமான்தானே அது?"

"என்னோடது இல்ல சித்தி. அந்த மாதிரி ஒண்ணு. அதுவும் போய்ப் பிடிக்கிறதுதான்."

"அதுக்கும் எம்புட்டுப் பிடிக்கும்னு யாராச்சும் அளந்திருப்பாங்களா?"

"அளந்துதான் சித்தி மருந்தாக்குவாங்க. நிறைய பேர் உக்காந்து அளந்திருப்பாங்க."

முதல் சொட்டு குழாயில் இறங்கியது. சித்தி ஊசி குத்தாத கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். திட்டவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. தெரிந்தவளிடம் கேட்டுக்கொள்வோம் என்றுதான் கேட்டார்.

"அவங்க ஒழுங்கா அளந்திருப்பாங்கள்ல, பாப்பா?"

"அளந்திருப்பாங்க சித்தி" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.